பன்னிரண்டாவது தாள்

வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு பழுப்பு உறை போகும். உள்ளே பன்னிரண்டு தாள்கள் இருக்கும். உறையைக் கட்டுகிறவள் பள்ளி அலுவலகத்து எழுத்தர். சட்டைக் கையில் எந்நேரமும் நாலைந்து கிளிப்புகளைச் செருகி வைத்திருப்பாள் என்பதால், ஆசிரியர்கள் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவள் கிளிப்பக்கா. அந்தப் பன்னிரண்டைப் பதினொன்றாகக் குறைத்த புண்ணியவதியும் அவளேதான்.

குறைத்ததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டாவது தாள் ரோஸ் நிறத்தில் இருக்கும். 'மதிய உணவுச் சலுகைக்கான குடும்ப வருமானப் படிவம்' என்று தலையில் பெரிதாக அச்சடித்திருக்கும். வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு வருகிறது என்று எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்தாலே பெற்றோருக்கு முகம் சுருங்கும். போன வருடம் மாநில அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்று அறிவித்தது. எல்லாருக்கும் இலவசம் என்றான பிறகு சலுகை கேட்க எதற்கு ஒரு தாள்? கிளிப்பக்கா ரோஸ் கட்டுகளை எடுத்து, நூல் போட்டுக் கட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "தாளும் மிச்சம், உங்க சங்கடமும் மிச்சம்" என்று பாராட்டினார். கூட்டம் கைதட்டியது. பதினான்கு வருட வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

இந்த வருடம், ஒரு திங்கட்கிழமை காலையில், மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

"உட்காரும்மா" என்றார் தலைமையாசிரியை. "நம்ம பள்ளிக்கூடத்துல ஏழைப் பிள்ளைங்க திடீர்னு குறைஞ்சு போயிட்டாங்களாம். யாருக்காவது லாட்டரி விழுந்துச்சான்னு உனக்குத் தெரியுமா?"

கடிதத்தில் இரண்டே எண்கள். போன வருடம் நூற்றுக்கு நாற்பத்து மூன்று. இந்த வருடம் இருபத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே போனால் மத்திய அரசின் நிதி அடுத்த ஆண்டு முதல் கிடையாது. திருத்தம் இருந்தால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நேரில் கொண்டுவந்து தர வேண்டும்.

"அவங்க எதை வெச்சு மேடம் எண்ணுறாங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டு கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்தப் பீரோ ஏன் அவள் நினைவுக்கு வந்தது என்பது விளங்கும். பள்ளியின் பெரிய செலவெல்லாம், அதாவது ஆசிரியர் சம்பளம், கட்டடம், மின்சாரம், பஸ் எல்லாம் மாநில அரசின் பணத்திலும் ஊர் வீட்டு வரியிலும் நடக்கிறது. மத்திய அரசு தருவது நூற்றுக்குப் பத்துக்கூட வராது. ஆனால் ஒரு சைக்கிளின் மொத்த எடையில் சங்கிலியின் பங்கு எவ்வளவு? அதைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தால் தெரியும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைத்தான் மாநிலம் தரும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளை ஆறு ஆறு பேராக உட்கார வைத்துச் சொல்லித்தர இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டுமென்றால், அந்தச் சம்பளம் மத்திய நிதியிலிருந்து வர வேண்டும். மாநிலம் தருவதற்கு மேலாக மட்டுமே அதைச் செலவழிக்கலாம், மாநிலம் தர வேண்டியதற்கு ஈடாகச் செலவழிக்கக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. படிக்கட்டுக்குக் கீழே பழைய சாமான் அறையாக இருந்த வாசிப்பு அறை அந்தப் பணத்தில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எந்தப் பள்ளிக்கு எவ்வளவு தேவை என்று அறிய மத்திய அரசு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. அது ஓர் எண்ணைக் கேட்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் உங்களிடம் எத்தனை பேர்? அந்த எண் ரோஸ் தாளிலிருந்து எடுக்கப்படுகிறது. உணவுக்காகப் பிறந்த தாள், எப்போதோ உணவை விட்டு நடந்து வந்து பள்ளி நிதியின் வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தது. தலைப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. தாளே போகாத இந்த வருடத்தில் எண்ணப்பட்டது நூற்று எழுபத்தொரு பிள்ளைகள். அரசின் வேறு உதவிப் பட்டியல்களில் ஏற்கெனவே இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். மற்றவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட பள்ளியில் வசதியானவர்களாகிவிட்டார்கள், பீரோவின் தயவால்.

"நாற்பது பங்குன்னா இருநூற்று நாற்பத்தஞ்சு பிள்ளைங்க" என்று கணக்குப் போட்டாள். "எழுபத்து நாலு குறையுது. நான் செஞ்ச வேலை மேடம் இது."

"கைதட்டச் சொன்னவ நான்தானே" என்றார் தலைமையாசிரியை. "பாதிப் பழி எனக்கும் வேணும். மீதியை வெச்சுக்கிட்டு போய் வேலையைப் பாரு."

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில்தான் வாசிப்பு அறை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஆறு நாற்காலிகளில் மூன்றாவதில் அவளுடைய சின்ன மகள். விரலை வரியின் மேல் வைத்து, உதடு மட்டும் அசைய, ஒரு நீளமான சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போன வருடம் புத்தகத்தைப் பார்த்தாலே தலைவலி என்று படுத்துக்கொண்ட பிள்ளை. வாசிப்பு டீச்சர் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ஒரு வருஷம் என் கையில இருந்தா போதும்க்கா. அப்புறம் புத்தகத்தைப் பிடுங்கத்தான் நீங்க சண்டை போடணும்."

அந்த ஒரு வருடத்தை நூல் கட்டிப் பீரோவில் வைத்தது யார் என்று அந்த டீச்சருக்குத் தெரியாது. கிளிப்பக்கா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

அன்றைக்கே ரோஸ் தாள்கள் பிள்ளைகளின் பைகளில் வீட்டுக்குப் போயின. வியாழக்கிழமைக்குள் திரும்பி வந்தவற்றால் கூடிய பிள்ளைகள் பதினோரு பேர். பஸ் டிரைவர், காலையில் பஸ் பட்டியலைக் கொடுக்க வந்தவர், அவள் மேசையைப் பார்த்துவிட்டு, "தாளெல்லாம் என் பஸ்லதான் இருக்கு தங்கச்சி. ஒண்ணு விமானமாச்சு, ஒண்ணு கப்பலாச்சு" என்றார்.

"வீட்டுல குடுத்தா கூட ஏன்ண்ணா எழுத மாட்டேங்குறாங்க?"

"தலைப்புல சாப்பாடுன்னு போட்டிருக்கு. சாப்பாடுதான் எல்லாருக்கும் கிடைக்குதே. எனக்கே புரியல, எதுக்குக் கேக்குறீங்கன்னு. நீ பள்ளிக்கூடத்துல உக்காந்து தேடாத. கடைசி நிறுத்தத்துக்கு வா. அந்த அடுக்குமாடியில நூத்திச் சொச்சம் பிள்ளைங்க. ஆனா ஒண்ணு, கீழ் வீட்டுத் தையல்காரம்மா சரின்னு சொன்னாத்தான் அங்க இலையே அசையும்."

தையல்காரம்மாவுக்கு ஊசி என்று பெயர். தொழிலுக்கு வைத்ததா, வாய்க்கு வைத்ததா என்பது அவரவர் அனுபவத்தைப் பொறுத்தது. அன்று சாயங்காலம் கிளிப்பக்கா போனபோது கடையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி தலையை நிமிர்த்தவில்லை.

"போன வருஷம் தாள் வேணாம்னு சொல்லிக் கைதட்டு வாங்கினது நீங்கதானே?"

"நான்தான்க்கா. தப்பு பண்ணிட்டேன்."

மெஷின் நின்றது. பள்ளியிலிருந்து வருகிறவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை போலும். "சரி, சொல்லுங்க" என்றார்.

கிளிப்பக்காவுக்கு ஒரு விஷயத்தை விளக்க வந்துவிட்டால் ஊற்றுக்கண் திறந்த மாதிரி. வெட்டுத்துணிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். "இது மத்திய அரசு, இது மாநிலம், இது மாவட்டம், இது நம்ம பள்ளிக்கூடம். நீங்க சோப்பு வாங்கினாலும் நூல்கண்டு வாங்கினாலும் கொஞ்சம் வரியாப் போய் இந்த முதல் துணியில சேருது. அங்கேருந்து திரும்பி இறங்கும்போது, எந்த ஊர்ல எத்தனை தலைன்னு பாத்துப் பாத்துப் பிரியுது. பானை ஒண்ணுதான். நாம குறைச்சு எண்ணினா அரசுக்கு மிச்சம் ஆகாது. நம்ம பங்கு அடுத்த மாவட்டத்துக்குப் போயிடும். அவ்வளவுதான்."

"அப்ப அடுத்த மாவட்டத்துக்காரன் நமக்குக் கைதட்டுவான்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி. நான் ஏழைன்னு நானே கையெழுத்துப் போட்டு என் பிள்ளை கையில குடுத்தனுப்பணுமா?"

"பேர் மேல போகாதுக்கா. எண்ணிக்கை மட்டும்தான் போகும். தாளை உறையில ஒட்டிக் குடுங்க. நானும் சரிபார்க்கிற அதிகாரியும் தவிர யார் கண்ணும் படாது. பணம் வந்தா உங்க பிள்ளைக்கு மட்டும் இல்ல, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் வரும்."

"வெட்கப்பட எதுவும் இல்லைங்கிறீங்க."

"எதுவும் இல்லக்கா."

"உங்க ரெண்டு பிள்ளைகளும் அங்கதானே படிக்குது? உங்க வீட்டுத் தாள் எங்க?"

 கிளிப்பக்கா மேசையில் பரப்பிய வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். கணவர் வேலை பார்த்த பட்டறை மூடி எட்டு மாதம் ஆகிறது. இப்போது அவர் வாடகை வேனில் பார்சல் கொண்டுபோகிறார். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. அவள் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டினால் தாளின் பின்பக்கத்தில் போட்டிருந்த கோட்டுக்கு நிச்சயமாகக் கீழேதான். மற்ற தாள்களையெல்லாம் அடுக்கி எண்ணியவளுக்குத் தன் வீட்டுத் தாளை எடுக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியதைத் தள்ளி வைத்திருந்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று சொல்லிவிட்டு ஊசி மெஷினை மிதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் ரோஸ் தாளை விரித்து வைத்தாள். கணவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது எதுக்கு நமக்கு?"

"நமக்குத்தாங்க. கூட்டிப் பாருங்க."

"எல்லாம் கூட்டிப் பாத்தாச்சு. பட்டறை திறந்துட்டா சரியாயிடும். நீ வேலை பாக்குற ஆபீஸ்லயே என் வருமானத்தை எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு அந்தத் தலைமையம்மா என் மூஞ்சியைப் பாக்கும்போது என்ன நினைப்பாங்க?"

"அவங்க இந்தத் தாளைப் பாக்கவே மாட்டாங்க. நான்தான் பாப்பேன். எனக்கு ஏற்கெனவே தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "பட்டறை திறக்கும். திறந்த மாசம் நானே இதைக் கிழிச்சுப் போடுறேன். இன்னைக்கு உள்ளதை இன்னைக்கு எழுதுவோம். சின்னவ இப்ப மூணாவது பாடம் படிக்கிறா. அவ நாற்காலி அடுத்த வருஷமும் அங்க இருக்கணும்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒருமுறை படித்தார். பிறகு கையை நீட்டினார். "பேனாவைக் குடு. உன் கையெழுத்துல என் சம்பளம் இன்னும் கம்மியாத் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் அவள் மறுபடி தையல் கடைக்குப் போனாள். உறையை ஒட்டாமலே ஊசியின் முன்னால் நீட்டினாள். ஊசி கண்ணாடியை இறக்கிப் படித்தார். வருமானக் கட்டத்தில் பார்வை நின்றபோது அவர் முகம் மாறியது. தாளை மடித்து உறைக்குள் வைத்து, பசை விளிம்பை நாக்கால் நனைத்துத் தானே ஒட்டினார்.

"என் கடைக்கு இதைவிட ரெண்டு ரூபா கூட வருது" என்றார். "உன்னைப் போய்க் குத்திட்டேனே தங்கச்சி." பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மேல் மாடியில யாரு இருக்கீங்க? பேனாவோட இறங்கி வாங்க. தைக்கக் குடுத்த துணி வேணும்னா தாளை எழுதிட்டு வாங்கிக்கோங்க."

அதன் பிறகு அந்தக் கடை ஒரு வாரத்துக்குத் தையல் கடையாக இல்லை. அளவெடுக்கும் மேசையில் பேனாக்களும் உறைகளும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊசி திரைக்குப் பின்னால், துணி போட்டுப் பார்க்கும் இடத்தில் உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு எழுதினார். "என்கிட்ட இடுப்பு அளவையே மறைக்க முடியாது, வருமானத்தை மறைக்கிறீங்களா?" என்று அவர் அதட்டுவது தெருவரைக்கும் கேட்கும்; பதில் மட்டும் யாருக்கும் கேட்காது. வருமானம் கோட்டுக்கு மேலே இருந்தவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றைக் கிளிப்பக்கா தனியாக அடுக்கினாள். கூட்டிக் காட்டுகிற ஆசை ஒருமுறைகூட அவளுக்கு வரவில்லை. அளவுகோலை ஒருமுறை தொலைத்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தாள். இருநூற்று முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். அதே எண். ஏழு பிள்ளைகள் குறைவு.

பஸ் டிரைவர் தேநீர்க் கோப்பையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். வேறு எந்த வீடு பாக்கி என்று பார்ப்பதற்காக, உறைகளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, பிள்ளையின் பெயரையும் நிறுத்தத்தையும் மட்டும் அவள் வாசித்தாள். நாலாவது பெயரில் அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆறாவது நிறுத்தம், நீலக் கேட்டு வீடா? அங்க ஒண்ணு இல்லையே, ரெண்டு ஏறுமே. சின்னது தினமும் ஷூவைக் கையில பிடிச்சுட்டு ஓடி வரும்."

"தாள்ல ஒரு பேர்தாண்ணா இருக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளிப்பக்கா தாளைத் திருப்பினாள். மற்ற பிள்ளைகளின் பெயரை எழுத இடம் பின்பக்கத்தில், அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது. தாளைக் கொண்டுவந்த பிள்ளையின் பெயரை மட்டும் முன்பக்கத்தில் எழுதிவிட்டுப் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவளுக்கும் அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் எளிது. பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைகள் வகுப்புவாரியாக இருக்கிறார்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அவர்கள் வீடுவாரியாக ஒன்றாக நிற்கிற ஒரே இடம் பஸ் நிறுத்தம்.

"அடுத்த பேரைப் படி தங்கச்சி" என்றார் டிரைவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அரை மணி நேரத்தில் ஒன்பது வீடுகள், பதின்மூன்று பிள்ளைகள். அவர் ஒவ்வொன்றையும் பெயரால் சொல்லாமல் பழக்கத்தால் சொன்னார்: ஜன்னலோரம் அழுகிறது, டிபன் பெட்டியை மறக்கிறது, எனக்குத் தினமும் சல்யூட் அடிக்கிறது. அவள் பதிவேட்டில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்தாள். ஆனால் அவளாக எழுத முடியாது. பெற்றோரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊசிக்கு போன் செய்தாள்.

"ஒன்பது வீடா? பன்னிரண்டரைக்கு வா. யாரும் வரலேன்னா இனிமே அவங்க ரவிக்கைக்குக் கொக்கி வைக்க மாட்டேன்."

பள்ளி பஸ்ஸைத் தனி வேலைக்கு எடுக்கக் கூடாது. கணவரின் பார்சல் வேன் வந்து நின்றது. தையல் கடையில் ஒன்பது வீட்டிலிருந்தும் ஆள் இருந்தார்கள். ஒருவர் சமையலறைத் துண்டோடு, ஒருவர் தொழிற்சாலைத் தொப்பியைக் கழற்றாமல். கடைசிக் கையெழுத்து விழுந்தபோது மணி மூன்று. மாவட்ட அலுவலகத்தின் வாசலில் வேன் நின்றபோது மூன்று நாற்பது. "போ, நான் இங்கேயே இருக்கேன்" என்றார் கணவர். போனவள் திரும்பிப் பார்த்தாள். அவரும் இறங்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தார், தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

மாவட்ட அதிகாரி ஒவ்வொரு தாளையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ரகம். முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து. நான்கு மணி அடித்தது. "உள்ளே வந்தாச்சு, வந்தது வந்ததுதான்" என்று கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். ஒரு தாளைத் தனியே தள்ளினார்.

"இதுல கையெழுத்து இல்ல. ரெண்டு பிள்ளை போச்சு."

கணவர் அவள் தோளைப் பிடித்தார். அவள் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தாள். இருநூற்று ஐம்பத்தொன்றில் இரண்டு போனால் இருநூற்று நாற்பத்தொன்பது. அதிகாரி இன்னும் இரண்டு கட்டுகளைப் புரட்டினார். அவளுக்கு அவர் விரல் மட்டுமே தெரிந்தது. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால்குலேட்டரை அழுத்தினார்.

"நூத்துக்கு நாற்பது புள்ளி ஏழு" என்றார். "தாண்டிட்டீங்க." முத்திரையை எடுத்துக் கடிதத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். "இத்தனை நாள் இந்தத் தாளெல்லாம் எங்கம்மா இருந்துச்சு?"

"பீரோவுலங்க" என்றாள் கிளிப்பக்கா. "ரொம்பப் பத்திரமா."

வேனில் ஏறியதும் முதலில் வாசிப்பு டீச்சருக்குச் சொன்னாள்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. இரண்டாவது போன் ஊசிக்கு. அவர் கேட்டுவிட்டு, மெஷினை விட்டெழுந்து, போனை வாசல் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. ஓர் அடுக்குமாடி முழுக்கக் கைதட்டுவது வேனுக்குள் கேட்டது. கணவர் ஹாரனை ஒரு முறை அழுத்தி அதற்குப் பதில் சொன்னார்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை கதவருகில் காத்திருந்தார். "அடுத்த பெற்றோர் கூட்டத்துல உன்னை மேடையில ஏத்திப் பாராட்டப் போறேன்."

"வேணாம் மேடம். போன தடவை பாராட்டினதுக்கே இந்தப் பாடு. டிரைவர் அண்ணனையும் தையல்காரக்காவையும் ஏத்துங்க. எனக்கு ஒரு அனுமதி மட்டும் குடுங்க."

கேட்டது கிடைத்தது. அன்று மத்தியானம் அடுத்த வருடத்துக்கான உறைகள் கட்டப்பட்டன. தாள்கள் பன்னிரண்டு, ரோஸ் தாள் எல்லாவற்றுக்கும் மேலே. அச்சடித்த தலைப்பை அடிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைச் சீட்டைச் சட்டைக் கையிலிருந்து உருவிய கிளிப்பால் குத்தினாள். அதில் இருந்தது அவள் கையெழுத்து:

'இது சாப்பாட்டுக்காக அல்ல. நம் பள்ளியின் பங்கு இந்தத் தாளை எண்ணித்தான் வருகிறது. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். பின்பக்கம் பாருங்கள்.'

படிக்கட்டுக்குக் கீழேயிருந்து ஆறு குரல்கள் ஒரு நீளமான சொல்லைச் சேர்த்துப் படிப்பது கேட்டது. ஐந்து முடித்த பிறகு ஆறாவது குரல் ஒன்று தனியாக, நிதானமாக, கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்தது. யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த உறையை எடுத்தாள்.